பூட்டிய வண்டி

சென்ற மார்கழியில் கம்பத்தில் என் காரின் கதவைத் திறந்துவிட்டார்கள். 'உடைத்துவிட்டார்கள்' என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கண்ணாடி உடையவில்லை, தகரம் நெளியவில்லை. சாவித் துவாரத்துக்குள் எதையோ நுழைத்து ஒரு திருகு திருகியிருக்கிறார்கள். அவ்வளவுதான். சொந்தக்காரனாகிய நான் சாவியைப் போட்டுத் திறப்பதற்கு எடுத்துக்கொள்ளும் நேரத்தைவிட அதிகம் பிடித்திருக்காது.

போன சாமான்கள்: ஒரு சால்வை, ஒரு மூக்குக் கண்ணாடி, ஊருக்குக் கொண்டுபோவதற்காக வாங்கி வைத்திருந்த ஒரு கூடை பன்னீர்த் திராட்சை. போகாத சாமான்: ஒரு பத்திரிகைக்காக நான் எழுதி வைத்திருந்த கதையின் கையெழுத்துப் பிரதி. அதை எடுத்து, இரண்டு பக்கம் புரட்டி, மறுபடியும் ஆசனத்தின்மேல் ஒழுங்காக வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். என் எழுத்தைப்பற்றி இவ்வளவு வெளிப்படையான அபிப்பிராயத்தை வேறு யாரும் இதுவரை சொன்னதில்லை.

பூட்டைக் கழற்றிப் பார்த்த மெக்கானிக், அதை உள்ளங்கையில் வைத்து உருட்டிக்கொண்டே ஒரு தத்துவம் சொன்னார்: "பூட்டு நல்ல பூட்டுத்தான் சார். ஆனா பூட்டு என்ன பண்ணும்? வர்றவனைக் கொஞ்ச நேரம் நிப்பாட்டி வைக்கும். அம்புட்டுத்தான்."

பக்கத்து டீக்கடை பெஞ்சியில் உட்கார்ந்திருந்த ஒரு கிழவர் அதற்குமேல் ஒரு படி போனார். "எங்க தாத்தன் காலமா இருந்தா, மூணாம் நாளு அந்தச் சால்வை உங்க வீட்டுத் திண்ணைக்கு வந்திருக்கும் அய்யா. துப்புக்கூலி குடுக்கணும். அவ்வளவுதேன்."

துப்புக்கூலி! எத்தனையோ வருஷங்களுக்குப் பிறகு அந்த வார்த்தையைக் கேட்டேன். சால்வை போன துக்கம்கூட மறந்துவிட்டது. அன்று இரவு முழுவதும் அந்த வார்த்தையின் வாலைப் பிடித்துக்கொண்டு யோசித்ததன் விளைவே இந்தக் கட்டுரை.

*

முதலில் 'பூட்டு' என்ற சொல்லைப் பாருங்கள். இன்றைக்கு ஒருவன் "வண்டியைப் பூட்டிவிட்டேன்" என்று சொன்னால் என்ன அர்த்தம்? நிறுத்திவிட்டேன், சாவியை எடுத்துவிட்டேன், இனி அது நகராது என்று அர்த்தம். என் தாத்தா "வண்டியைப் பூட்டு" என்று உத்தரவிட்டால், மாடுகளை நுகத்தடியில் சேர்த்துப் பூட்டாங்கயிற்றை மாட்டு, புறப்படப் போகிறோம் என்று அர்த்தம். ஒரே சொல், இரண்டு தலைமுறைக்குள் பொருள் தலைகீழாகிவிட்டது. அன்று பூட்டிய வண்டி ஓடும். இன்று பூட்டிய வண்டி நிற்கும்.

அந்த நாளில் நின்ற வண்டிக்கு என்ன பெயர்? 'அவிழ்த்துப் போட்ட வண்டி'. அதற்குக் கதவு கிடையாது. கதவு இல்லாததற்குப் பூட்டு ஏது? மொட்டை வண்டியாக இருந்தால் நாலு பக்கமும் வானம். கூண்டு வண்டியாக இருந்தால் முன்னும் பின்னும் வானம். பஞ்சுப் பொதியோ மிளகாய் மூட்டையோ ஏலக்காயோ, எதை ஏற்றியிருந்தாலும் அது ஊரார் கண்ணுக்குமுன் திறந்தே கிடக்கும்.

கம்பம் பள்ளத்தாக்கின் பாதையோ சாதாரணப் பாதை அல்ல. மேற்கே மலையாளத்து மலை, கிழக்கே வருசநாட்டு மலை, தெற்கே மேகமலை. நடுவிலே முல்லையாற்றங்கரையோடு குமுளி அடிவாரம்வரை ஓடுகிற ஒற்றைச் சாலை. மலைச் சரக்கெல்லாம் இறங்குவதும், நெல்லும் உப்பும் துணியும் ஏறுவதும் அந்த ஒரு வழியாகத்தான். 1887 முதல் 1895 வரை பெரியாற்று அணை கட்டப்பட்டபோது, ரயிலில் வந்த சாமான்கள் அம்மையநாயக்கனூர் ஸ்டேஷனில் இறங்கி, மாட்டு வண்டிகளிலே பெரியகுளம் தாலுகா முழுவதையும் கடந்துதான் மலையடிவாரத்துக்குப் போய்ச் சேர்ந்தன. மதுரையிலிருந்து போடிநாயக்கனூருக்கு ரயில் வந்ததே 1928-இல்தான். அதுவரைக்கும் இந்தப் பள்ளத்தாக்கின் செல்வம் அத்தனையும் இரண்டு மாடு, இரண்டு சக்கரம், ஒரு வண்டிக்காரன் என்ற கணக்கில்தான் நகர்ந்தது. இரவானால் எங்கேயாவது அவிழ்த்துப் போட்டுத்தான் ஆகவேண்டும்.

தாத்தா பஞ்சு வியாபாரி. தேனிச் சந்தைக்குப் பத்துப் பன்னிரண்டு வண்டிகள் சேர்ந்து வருவார்களாம். தனி வண்டியாக வருவது அசட்டுத்தனம். வண்டிப்பேட்டையில் வண்டிகளை வட்டமாக நிறுத்தி, மாடுகளை நடுவிலே கட்டி, வண்டிக்கு அடியில் வைக்கோலைப் பரப்பி வண்டிக்காரர்கள் படுப்பார்கள். படுக்குமுன் ஒவ்வொருவனும் ஒரு காரியம் செய்வானாம். சக்கரம் அச்சிலிருந்து கழன்றுவிடாமல் காக்கிற கடையாணியைப் பிடுங்கித் துணியில் சுற்றித் தலைக்கு வைத்துக்கொள்வான். கடையாணி இல்லாத வண்டியை எவனாவது இருட்டில் பூட்டி ஓட்டினால் நாலு முழம் போவதற்குள் சக்கரம் ஒரு பக்கம், வண்டி ஒரு பக்கம்! "அதுதான்டா அந்தக் காலத்துச் சாவி" என்று தாத்தா சொல்லிச் சிரிப்பார்.

தாத்தாவின் கடையாணியைச் சீமையிலும் ஒரு காலத்தில் கண்டுபிடித்தார்கள். 1940-இல், ஜெர்மானியப் படை இறங்கிவிடுமோ என்று பிரிட்டன் நடுங்கிக்கொண்டிருந்த சமயம், நிறுத்தி வைத்த மோட்டார்களை ஓட முடியாதபடி செய்துவிட்டுத்தான் போகவேண்டும் என்று சட்டமே போட்டார்கள். ஜனங்கள் இஞ்சினுக்குள் மின்சாரத்தைப் பகிர்ந்து கொடுக்கிற 'ரோட்டர்' என்ற சிறிய துண்டைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார்கள். இப்போது வருகிற கார்களின் சாவிக்குள்ளே ஒரு சின்னஞ்சிறு சில்லு இருக்கிறது. அதன் அடையாளம் தெரிந்தால்தான் இஞ்சின் ஓடும். மூன்றும் ஒரே யுக்திதான். ஆனால் மூன்றும் வண்டியைக் காக்குமே தவிர, வண்டியில் இருக்கிற மூட்டையைக் காக்காது. மூட்டையைக் காக்க மனிதன் வேண்டும்.

அந்த மனிதனுக்குத்தான் காவல்காரன் என்று பெயர்.

*

பாளையக்காரர் காலத்தில் தென்னாட்டில் காவல் என்பது ஓர் உத்தியோகம் மட்டும் அல்ல, ஓர் உடன்படிக்கை. கிராமத்துக்குள்ளே காப்பது தலக்காவல். வட்டாரத்தையும் வழிகளையும் காப்பது திசைக்காவல். குடியானவன் களத்திலே இத்தனை கட்டு, இத்தனை மரக்கால் என்று காவல்காரனுக்கு அளந்து கொடுத்துவிடுவான். அதற்குப் பதிலாகக் காவல்காரன் என்ன செய்யவேண்டும்? திருடு போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். போய்விட்டாலோ, பொருளைக் கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டும்; முடியாவிட்டால் நஷ்டத்தை அவனே ஈடு செய்ய வேண்டும்.

இந்தக் கடைசி விதியைச் சற்று நின்று யோசியுங்கள். காப்பேன் என்று சொன்னவன், காக்கத் தவறினால் பணம் கொடுக்கிறான்! இன்றைக்கு எந்த ஸ்தாபனம் இப்படி எழுதிக் கையெழுத்துப் போடும்?

மதுரைச் சீமையில் இந்தக் காவல் பெரும்பாலும் கள்ளர் குலத்தாரிடம் இருந்தது. உசிலம்பட்டிப் பக்கத்துப் பிறமலைக் கள்ளர்களில் பல குடும்பங்கள் ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டிக் கம்பம் பள்ளத்தாக்கிலே வந்து குடியேறின. அவர்களில் உழுது பயிர் செய்தவர்கள் உண்டு. காவல் காத்தவர்களும் உண்டு.

அது பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. காவலுக்கு இன்னொரு முகமும் உண்டு. காவல் வைக்காத ஊரிலேதான் மாடு காணாமற் போகும். காணாமற் போன மாட்டைத் தேடிச் சொந்தக்காரன் புறப்பட்டால், நடுவர் ஒருவர் வந்து சேர்வார். மாட்டின் விலையில் பாதிவரைக்கும் பேசி வாங்கிக்கொண்டு, "இன்ன இடத்திலே போய்ப் பாருங்கள்" என்பார். அங்கே மாடு கட்டிக் கிடக்கும். துப்புச் சொன்னதற்குக் கூலி, ஆகவே துப்புக்கூலி. டீக்கடைக் கிழவர் சொன்னது இதைத்தான். 1906-இல் மதுரை ஜில்லாவின் கெஜட்டியரை எழுதிய பிரான்சிஸ் என்ற வெள்ளைக்கார அதிகாரி, இதையெல்லாம் விஸ்தாரமாகவும் கொஞ்சம் கோபமாகவும் எழுதி வைத்திருக்கிறார். காவல் கூலி வாங்கியவனுக்கும் துப்புக்கூலி வாங்கியவனுக்கும் சில ஊர்களில் உறவு இருந்திருக்கலாம். பயத்தைக் கொடுப்பவனிடமே அபயமும் வாங்க வேண்டியிருந்தால் குடியானவனுக்கு எரிச்சல் வராதா?

வந்தது. ஆனால் அதற்கு முன்னால் சர்க்கார் ஒரு காரியம் செய்தது.

*

1801-இல் பாளையக்காரர்கள் அடங்கினார்கள். கும்பினியார் திசைக்காவல் உரிமையைப் பறித்தார்கள். 1816-இல் கிராமப் போலீஸ் வேலையைக் கிராம அதிகாரியிடம் ஒப்படைத்தார்கள். 1859-இல் சென்னை ராஜதானிக்குப் புதிய போலீஸ் சட்டம் வந்தது. காகிதத்திலே காவல் செத்துப்போயிற்று.

காகிதத்தில்தான். சிவப்புத் தலைப்பாகை ஜவான் எத்தனை ஊரைக் காப்பான்? தவிர, ஜவானுக்கும் காவல்காரனுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருந்தது. மாடு போய்விட்டது என்று ஸ்டேஷனில் எழுதி வைத்தால் எழுத்து மிஞ்சும், மாடு வராது, மாட்டின் விலையும் வராது. சர்க்கார் காவல் கூலியின் இடத்தில் வரியை வைத்தது. ஈடு கட்டும் கடமையின் இடத்தில் ஒன்றையும் வைக்கவில்லை. அதனால் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளில் பழைய காவல், சட்டத்துக்குத் தெரியாமல் நூறு வருஷம் உயிரோடு இருந்தது. உரிமையாக இருந்தவரைக்கும் அதற்கு ஒரு கண்ணியமும் கட்டுப்பாடும் இருந்தன. திருட்டுத்தனமாக நடக்க ஆரம்பித்ததும் அதன் மோசமான முகம்தான் வளர்ந்தது.

1896-இல் எரிச்சல் வெடித்தது. திண்டுக்கல் பக்கத்திலே அம்மையப்பக் கோன் என்ற இடையர் ஒருவர் தலைமையில் குடியானவர்கள் கூடினார்கள். இனிமேல் கள்ளருக்குக் காவல் கூலி கிடையாது, துப்புக்கூலி கிடையாது என்று தீர்மானம் செய்தார்கள். ஊருக்கு ஊர் பணம் வசூலித்து ஒரு பொது நிதி சேர்த்தார்கள். யாருக்காவது மாடு திருடு போனால் அந்த நிதியிலிருந்து நஷ்டஈடு. 'பண்ட்' என்ற ஆங்கில வார்த்தை தமிழ்க் கிராமத்து வாயில் 'பண்டு' ஆயிற்று. அந்தக் கிளர்ச்சிக்கே பண்டுக் கலகம் என்று பெயர் வந்துவிட்டது.

ஒரு விதத்தில் பார்த்தால் அது எவ்வளவு நேர்த்தியான யோசனை! ஒருவன் நஷ்டத்தை ஊரார் பங்கிட்டுக்கொள்வது. இன்றைக்கு வருஷா வருஷம் நானும் நீங்களும் காருக்குக் கட்டுகிற இன்ஷூரன்ஸ் பிரீமியம் வேறு என்ன? நோட்டும் பேனாவும் அதிகம் பழகாத குடியானவர்கள் அதைத் தாங்களாகவே கண்டுபிடித்தார்கள்.

ஆனால் கலகத்துக்கு இன்னொரு பாதியும் உண்டு. பல ஊர்களிலே கள்ளர் வீடுகள் கொளுத்தப்பட்டன. பெண்டு பிள்ளைகளோடு குடும்பங்கள் துரத்தப்பட்டன. காவல்காரனை வேலையிலிருந்து நீக்குவது நியாயம் என்றே வைத்துக்கொள்வோம். அவன் எங்கே போவான், எதைத் தின்பான் என்று பண்டுக்காரர்களும் கேட்கவில்லை, சர்க்காரும் கேட்கவில்லை.

சர்க்கார் கண்டுபிடித்த வழி வேறு. அதைச் சொல்லும்போதுதான் என் எழுத்தில் இருக்கிற சிரிப்பு நின்றுபோகிறது.

*

வட இந்தியாவிலே 1871-இல் குற்றப் பரம்பரைச் சட்டம் என்று ஒன்று போட்டிருந்தார்கள். 1911-இல் அதைத் திருத்தி, சென்னை ராஜதானி உள்பட பிரிட்டிஷ் இந்தியா முழுவதற்கும் விரித்தார்கள். 1914-இல் தொடங்கி, சில ஆண்டுகளுக்குள் பிறமலைக் கள்ளர்கள் இந்தச் சட்டத்தின்கீழ் கொண்டுவரப்பட்டார்கள். மனிதன் குற்றம் செய்தால் தண்டிப்பது எல்லா ராஜ்யத்திலும் உள்ள வழக்கம். குற்றம் செய்யாதவனை, அவன் பிறந்த குலத்துக்காகப் பதிவேட்டில் எழுதுவது இந்தச் சட்டத்தின் விசேஷம்.

வயது வந்த ஆண்களின் கைரேகையை வரிசையாகப் பதிந்தார்கள். கிராமத்து ஜனங்கள் அதைக் 'கைரேகைச் சட்டம்' என்றே அழைத்தார்கள். பதிவு செய்யப்பட்டவன் ஊரை விட்டு வெளியே போகவேண்டுமானால் 'ராதாரிச் சீட்டு' வாங்க வேண்டும். தேனிச் சந்தைக்குப் போவதானாலும் சீட்டு. மகளுக்குப் பிரசவம் என்று சம்பந்தி வீட்டுக்குப் போவதானாலும் சீட்டு. இரவு வந்தால், பலர் தம் வீட்டுத் திண்ணையில் படுக்க முடியாது; போலீஸ் ஸ்டேஷனிலோ சாவடியிலோ போய் ஆஜர் கொடுத்து, அங்கேயே படுத்துக் கிடக்க வேண்டும். புதிதாக மணம் செய்துகொண்ட வாலிபனும் அப்படித்தான். நோயாளிக் கிழவனும் அப்படித்தான்.

என் தாத்தா இதைப்பற்றி ஒரு தடவைதான் பேசினார். "அந்த வருஷங்களிலே பேட்டையில் நிம்மதியாகத் தூங்கினோம். ஆனால் பேட்டையிலிருந்து கூப்பிடு தூரத்தில் சாவடி. ராத்திரி ஜவான் பெயர் வாசிப்பான். ஒவ்வொரு பெயருக்கும் 'இருக்கேன் எசமான்' என்று ஒரு குரல் கேட்கும். அதைக் கேட்டுக்கொண்டே எங்கள் மிளகாய் மூட்டைக்குப் பக்கத்தில் படுத்திருப்போம்" என்றார். பிறகு வெற்றிலைப் பெட்டியை மூடிவிட்டு எழுந்து போய்விட்டார்.

வண்டிக்குப் பூட்டு இல்லை என்பதற்காக மனிதர்களைப் பூட்டினார்கள். விஷயத்தைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்.

பெருங்காமநல்லூர் என்ற கிராமம், தேனிக்குக் கிழக்கே, மலைக்கு அந்தப் பக்கத்தில், உசிலம்பட்டிச் சீமையில் இருக்கிறது. அங்கே ஜனங்கள் ரேகை கொடுக்க மறுத்தார்கள். 1920-ஆம் வருஷம் ஏப்ரல் 3-ஆம் தேதி போலீஸார் துப்பாக்கிப் பிரயோகம் செய்தார்கள். மாயக்காள் என்ற பெண்மணி உள்பட 16 பேர் மாண்டார்கள். இன்று அங்கே அவர்கள் பெயர் பொறித்த நினைவுத் தூண் நிற்கிறது. ஜாலியன்வாலா பாக் நடந்து ஒரு வருஷம்கூட நிறையாத சமயம் அது. பஞ்சாபின் பெயர் உலகம் முழுவதும் கேட்டது. பெருங்காமநல்லூரின் பெயர் மதுரைக்கு வடக்கே எத்தனை பேர் காதில் விழுந்திருக்கும்?

அந்த ஜனங்களுக்காக மதுரைக் கோர்ட்டுகளில் வாதாடிய வக்கீல்களில் ஜார்ஜ் ஜோஸப்பை மறக்கக்கூடாது. மலையாள நாட்டிலே பிறந்து மதுரையிலே தொழில் நடத்தியவர். ஜனங்கள் அவரை 'ரோசாப்பூ துரை' என்று அன்போடு அழைத்தார்கள். 1938-இல் அவர் காலமானார். முத்துராமலிங்கத் தேவரும், ஜீவானந்தம் போன்ற பொதுவுடைமைத் தலைவர்களும் சட்டத்தை எதிர்த்துத் தொடர்ந்து போராடினார்கள். சென்னை மாகாணத்தில் அது 1947-இல் ரத்தாயிற்று. தேசம் முழுவதிலும் 1952 ஆகஸ்ட் 31-இல் நீங்கியது. அன்று முதல் அவர்களுக்குச் சீர்மரபினர் என்று பெயர்.

பூட்டுவதோடு கூடச் சர்க்கார் வேறொன்றும் செய்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 1920-ஐ ஒட்டிக் கள்ளர் சீரமைப்பு என்ற பெயரில் பள்ளிக்கூடங்களும் விடுதிகளும் திறந்தார்கள். மதுரை, திண்டுக்கல், தேனி ஜில்லாக்களிலே அந்தப் பள்ளிகளைக் காணலாம். தகப்பன் இரவெல்லாம் சாவடியில் ஆஜர். பிள்ளை பகலெல்லாம் பள்ளியில் ஆஜர். இரண்டு இடத்திலும் பெயர் வாசித்தார்கள். ஒன்று மறைந்தது, மற்றொன்று நிலைத்தது என்பதே நமக்குக் கிடைத்த ஆறுதல்.

*

காவல்காரன் போனபின் அவன் இடத்துக்கு இரும்புப் பூட்டு வந்து உட்கார்ந்தது. அதற்கு நாம் வெகுதூரம் போகவேண்டியதில்லை. தேனியிலிருந்து இரண்டு மணி நேரப் பஸ் பிரயாணம்; திண்டுக்கல். தண்ணீர் குறைவு, இரும்பு வேலை தெரிந்த கை நிறைய. ஊர் முழுக்கப் பூட்டு. சங்கரலிங்க ஆசாரி சகோதரர்கள் இந்தத் தொழிலுக்கு மூலவர்கள் என்று சொல்வார்கள். மாம்பழம் போன்ற வடிவத்தில் மாங்காய்ப் பூட்டு, திறக்கும்போது மணி அடிக்கும் மணிப் பூட்டு என்று எத்தனை ரகம்! தொழிலாளர்களுக்குக் கூட்டுறவுச் சங்கம் 1957-இல் வந்தது. 2019-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. கிடைத்தபோது தொழில் மெலிந்திருந்தது. அலிகாரிலிருந்து வந்த மலிவுப் பூட்டுகள் சந்தையைப் பிடித்துக்கொண்டிருந்தன.

பூட்டை நம்பலாமா? 1851-இல் லண்டனில் நடந்த மகா பொருட்காட்சியின்போது இந்தக் கேள்விக்கு ஒரு பதில் கிடைத்தது. பிராமா என்ற கம்பெனியார் பிக்காடிலியில் தங்கள் கடை ஜன்னலில் ஒரு பூட்டைத் தொங்கவிட்டு, "இதைத் திறப்பவனுக்கு 200 கினி" என்று அறுபது வருஷமாகச் சவால் விட்டுக்கொண்டிருந்தார்கள். அமெரிக்காவிலிருந்து ஹாப்ஸ் என்று ஒருவர் வந்தார். முதலில், யாருமே திறக்க முடியாது என்று பேர்பெற்ற 'சப்' பூட்டை 25 நிமிஷத்தில் திறந்தார். பிறகு பிராமாவிடம் வந்து, 16 நாட்களில் மொத்தம் 51 மணி நேரம் உழைத்து, அதையும் திறந்துவிட்டார். லண்டன் வியாபாரிகளுக்கு ஒரு வாரம் தூக்கம் வந்திருக்காது. ஹாப்ஸ் நிரூபித்தது, நம் கம்பத்து மெக்கானிக் சொன்ன அதே தத்துவம்தான். எந்தப் பூட்டும் நேரத்தைத்தான் விற்கிறது. பிராமா 51 மணி விற்றார். என் கார்க் கதவின் பூட்டு அரை நிமிஷம் விற்றது.

கார்க் கதவுப் பூட்டு ஏன் இவ்வளவு சோப்பளாங்கியாக இருக்கிறது? காரணம் எளிது. உள்ளே மெல்லிய தகடுகள், சிறிய வில்கள். மழை, தூசி, வெயில் எல்லாவற்றிலும் அது சுழல வேண்டும். ஒரு குழந்தை திருப்பினாலும் திறக்க வேண்டும். அவ்வளவு கனிவாக இருக்கிற வஸ்து முரட்டுத்தனத்துக்கு ஈடு கொடுக்குமா? பழைய அம்பாஸடர் கார் வைத்திருந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். தேய்ந்துபோன சாவி ஒன்று அடுத்தவர் காரைத் திறந்துவிட்ட அனுபவத்தைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்வார்கள். சாவித் துவாரமே தேவையில்லாமல், பொத்தானை அமுக்கித் திறக்கும் கார் இப்போது வந்திருக்கிறது. அந்தச் சாவியின் ரேடியோக் குரலைத் திருடித் தூர இருந்தே கதவைத் திறக்கிற கருவியும் அதன் பின்னாலேயே வந்துவிட்டது. கதவு மாறியது, கதை மாறவில்லை. விளக்கு வெளிச்சத்தில் நிறுத்து, உள்ளே எதையும் கண்ணில் படும்படி வைக்காதே என்பதுதான் இன்றைக்கும் போலீஸார் தரும் புத்திமதி. வெளிச்சம் என்றால் என்ன? நாலு பேர் கண். பழைய காவலைத்தான் அவர்கள் வேறு வார்த்தையில் சொல்கிறார்கள்.

*

இப்போது நம் ஊர் ஊராகக் கார் நிறுத்துமிடங்கள் வந்துவிட்டன. பணம் வாங்கிக்கொண்டு ஒரு டோக்கன் கொடுக்கிறார்கள். அதைத் திருப்பிப் பாருங்கள். "வாகனத்துக்கோ உள்ளிருக்கும் பொருள்களுக்கோ நிர்வாகம் பொறுப்பல்ல" என்று பொடி எழுத்தில் அச்சடித்திருக்கும். காவல் கூலியை வாங்கிக்கொள்கிறார்கள். காவலை மட்டும் ஏற்றுக்கொள்வதில்லை. எழுதப் படிக்கத் தெரியாத பழைய காவல்காரன் வாயால் ஏற்ற கடமையை, படித்த நிர்வாகம் அச்சடித்து மறுக்கிறது!

இதற்கு ஒரு நியாயம் அண்மையில் கிடைத்தது. 1998 ஆகஸ்டில் டெல்லி தாஜ் மஹால் ஹோட்டலுக்குப் போன ஒருவர், தம் மாருதி ஜென் காரை நிறுத்தும்படி சாவியை ஹோட்டல் சிப்பந்தியிடம் கொடுத்தார். திரும்பி வந்தபோது கார் இல்லை. சீட்டிலே 'சொந்தக்காரர் பொறுப்பு' என்று அச்சிட்டிருக்கிறோமே என்றது ஹோட்டல். வழக்கு இருபது வருஷத்துக்குமேல் நடந்து, 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சாவியை வாங்கிக்கொண்டால் பொருள் உன் பொறுப்பில் வந்துவிடுகிறது. உன் அசிரத்தையால் அது போனால், சீட்டின் பின்பக்கத்து அச்சு உன்னைக் காப்பாற்றாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தை ஆதாரமாகக் காட்டினார்கள். கம்பம் பள்ளத்தாக்கின் கிழவர் யாராவது அந்தக் கோர்ட்டில் இருந்திருந்தால், "இதைத்தானய்யா காவல்னு சொன்னோம்" என்றிருப்பார்.

பழைய காவல் திரும்பி வரவேண்டும் என்று நான் கேட்கவில்லை. துப்புக்கூலியும் வேண்டாம், பண்டுக்காரர்களின் தீப்பந்தமும் வேண்டாம், ராதாரிச் சீட்டு எந்த ரூபத்திலும் வேண்டவே வேண்டாம். ஆனால் "பொருள் போனால் நான் பதில் சொல்கிறேன்" என்று முன்வந்து நிற்கிற ஒரு மனிதன் இருந்தானே, அவனை நாம் எந்த இடத்தில் தொலைத்தோம்? இரும்பு பதில் சொல்லாது. நல்ல பூட்டுக்கும் கெட்ட பூட்டுக்கும் உள்ள பேதம் சில நிமிஷம்; பதில் சொல்கிறவனுக்கும் சொல்லாதவனுக்கும் உள்ள பேதம் ஓர் ஊரின் நிம்மதி.

*

தை மாதம் ஒரு கல்யாணத்துக்காக மறுபடியும் கம்பத்துக்குப் போனேன். சத்திரத்துக்கு எதிரே ஒரு காலி மனை. கையில் தடியோடு ஒரு முதியவர் வண்டிகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். இருபது ரூபாய் கேட்டார், கொடுத்தேன்.

"டோக்கன் இல்லையா பெரியவரே?" என்றேன்.

"டோக்கன் எதுக்குங்கய்யா? நான்தேன் இருக்கேன்ல?"

தாத்தாவின் காதில் இரவெல்லாம் விழுந்த அந்த 'இருக்கேன்' சட்டென்று என் நினைவுக்கு வந்தது. ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டேன். முகூர்த்தம் முடிந்து, சாப்பாடு முடிந்து, பழைய சிநேகிதர்களோடு அரட்டையும் முடிந்து நான் வெளியே வர மூன்று மணி நேரம் ஆகிவிட்டது. மற்ற வண்டிகளெல்லாம் போய்விட்டன. முதியவர் ஒரு முக்காலியைக் கொண்டுவந்து என் காரை ஒட்டினாற்போல் போட்டுக்கொண்டு, கொளுத்துகிற வெயிலில் தலையில் துண்டோடு உட்கார்ந்திருந்தார்.

"ஏன் இங்கே வெயிலில் உட்கார்ந்திருக்கிறீர்கள்? அதோ அங்கே நிழல் இருக்கிறதே?"

அவர் எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"நீங்க அவசரத்துல கதவைப் பூட்டாமப் போயிட்டீங்கய்யா. அதேன் பக்கத்துலயே உக்காந்துட்டேன்" என்றார்.